கஞ்சி போட்ட தலைப்பாகை

குர்பச்சன் சிங் தன் அறையை விட்டு வெளியே வந்து மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. அந்தக் கணக்கு இல்லத்தின் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. கஜனிதான் அதை மனதில் வைத்திருந்தாள்.

கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருந்த முதியோர் பராமரிப்பு இல்லம் அது. கஜனிக்கு அங்கே காலை வேலை. ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்குள் எட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, தலை வாரி, சாப்பாட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஏழு பேர் போவார்கள். இருநூற்றுப் பதினான்காம் அறைக்காரர் மட்டும் போக மாட்டார். "நோ" என்பார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவரிடம் மிஞ்சிய சொற்கள் ஒரு பத்துப் பன்னிரண்டுதான். அவற்றில் மிகவும் நன்றாக வேலை செய்தது அந்த 'நோ'.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவரால் தலைப்பாகை கட்ட முடியவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து தன் கையாலேயே கட்டியவர். வான்கூவர் பக்கத்து மர ஆலையிலும், பிறகு ரொறன்ரோ விமான நிலையத்தில் முப்பது வருடம் வாடகைக்கு ராக்சி ஓடியபோதும் அது இல்லாமல் அவரை ஆரும் கண்டதில்லை. இப்போது அந்த வலது கை மடியில் சும்மா கிடந்தது. காலையில் கஜனி அவருடைய நீண்ட வெள்ளை முடியை வாரி, உச்சியில் கொண்டையாக முடிந்து, மேலே ஒரு சின்னத் துணியைக் கட்டிவிடுவாள். அந்தத் துணியோடு சபைக்குப் போவதும் உள்ளுடுப்போடு தெருவில் இறங்குவதும் அவருக்கு ஒன்றுதான்.

அவர் பேசாததால் கஜனிதான் பேசுவாள். பெரும்பாலும் தான் குடியிருக்கும் மல்வேர்னிலிருந்து வரும் பேருந்தைப் பற்றி. மல்வேர்ன் பேருந்து இன்றைக்கும் பிந்தியது, மல்வேர்ன் சந்தியில் பனி குவிந்து கிடக்கிறது, மல்வேர்னில் ஒருவன் நாயை ஏற்றப் பார்த்துச் சண்டை. பழைய ராக்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ரொறன்ரோவின் போக்குவரத்தைப் பற்றி ஆரேனும் குறை சொல்வதைக் கேட்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது போலத் தெரிந்தது.

ஏப்ரல் பதினான்காம் திகதி வைசாகி. பஞ்சாபில் கோதுமை அறுவடை முடிந்து கொண்டாடும் நாள். காலை பதினொரு மணிக்குக் கீழ் மண்டபத்தில் விழா என்றும், குருத்வாராவிலிருந்து ஆட்கள் சாப்பாடும் மேளமும் கொண்டுவருவார்கள் என்றும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். குர்பச்சன் சிங்குக்குக் கனடாவில் இருந்த ஒரே உறவு பிரம்டனில் வாழும் தங்கையின் மகன். அவன் நெடுந்தூர லொறி ஓட்டுபவன். "வைசாகிக்கு நானே வந்து கட்டிவிடுவேன்" என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு நாளுக்காகக் கிழவர் பங்குனி முழுக்க நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பன்னிரண்டாம் திகதி அவன் அமெரிக்காவின் ரெக்சாஸிலிருந்து தொலைபேசி எடுத்தான். சுமை ஏற்றப் பிந்திவிட்டது. பதினைந்தாம் திகதிக்கு முன் வர வழியில்லை.

தாதி ஹர்ப்ரீத் அறைக்கு வந்து அதைப் பஞ்சாபியில் சொன்னாள். கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குருத்வாராக்காரர் வருவார்கள்தானே, அவர்களைக் கட்டிவிடச் சொன்னால் என்ன?" என்று கஜனி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவர்கள் இவரை இந்தச் சின்னத் துணியோடு பார்க்கக் கூடாது. அதுதானே பிரச்சினையே."

"அப்ப நீ?"

"நானா?" ஹர்ப்ரீத் சிரித்துவிட்டாள். "நான் பிரம்டனில் பிறந்தவள். என் அப்பா பேஸ்போல் தொப்பி போடுகிறவர். எனக்குத் தலைப்பாகை கட்டத் தெரியுமென்றால் உனக்கும் தெரியும்."

கஜனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"பாபாஜி, நான் கட்டிவிடுகிறேன்."

கிழவர் மெதுவாகத் திரும்பினார். அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "யூ?"

"நான்தான்."

பிறகு இடது கையால் அலுமாரியின் கீழ்த் தட்டைச் சுட்டினார். தலையணை உறைக்குள் பொதிந்து அங்கே ஒரு துணி இருந்தது. கடுகுப் பூவின் மஞ்சள். ஆறு மீற்றர் நீளம். ஓர் ஓரத்தில் எப்போதோ சிந்திய தேநீர்க் கறை.

*

கஜனி தன் வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது உளவியல், நான்கு வருடம். பட்டமளிப்பு அங்கி போட்ட படத்தை அம்மா புனிதவதி சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டியிருந்தாள். கஜனிக்கு ஏழு வயதில் அப்பா மாரடைப்பில் போனபிறகு, ஹோட்டல் அறைகளில் படுக்கை விரித்தே மகளைப் படிப்பித்தவள் அவள். பட்டம் வந்தது. வேலை வரவில்லை. இரண்டு வருடம் விண்ணப்பித்துக் களைத்து, ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி எடுத்து இங்கே சேர்ந்தாள்.

கல்யாண மண்டபங்களில் ஆரேனும் கேட்டால் புனிதவதி, "பிள்ளை ஹெல்த் கெயாரில" என்பாள். மார்க்கம் நகரில் பெரிய வீட்டில் இருக்கும் றஞ்சி அன்ரி அதோடு விடமாட்டாள். "நர்ஸோ?" என்று கேட்பாள். "கிட்டத்தட்ட" என்பாள் அம்மா.

அந்தக் 'கிட்டத்தட்ட' கஜனியை அரித்துக்கொண்டிருந்தது. விடிகாலைப் பேருந்தின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தன்னையே கேட்பாள்: இந்த வேலை எனக்கு வெட்கமா, அல்லது வெட்கப்படுகிறேனே என்பதுதான் வெட்கமா? நான்கு வருடம் மனித மனத்தைப் படித்துவிட்டு இதற்கு ஒரு விடை சொல்லத் தெரியவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் குமைவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் இருந்ததில்லை. சேலை உடுத்திவிடுவதில். சொந்தத்தில் எந்தக் கல்யாணமென்றாலும் பெண்கள் அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கஜனி கொய்யகம் பிடித்து, முன்மடிப்பைச் செருகிவிட்டால் விருந்து முடிந்து, ஆடி முடிந்து, கார் ஏறும்வரைக்கும் ஒரு மடிப்புக் குலையாது. ஆறு கஜப் பட்டை அடக்கியவளுக்கு ஆறு மீற்றர் பருத்தித் துணி என்ன பெரிய காரியம் என்ற ஒரு நப்பாசையும் அந்த வாக்குக்குள் இருந்தது.

முதலில் துணியைத் தோய்க்க வேண்டும். இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் லெஸ்லியிடம் கொண்டுபோனாள். லெஸ்லி மன்னார்க்காரன், ஐம்பது வயது, மொட்டைத் தலை. பதினைந்து வருடமாக அந்த இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன்.

"தங்கச்சி, உந்தத் துணியை என்ர மெசினுக்க போட்டா போறது துணி, வாறது நாடா," என்றான். "வீட்டை கொண்டுபோய்க் கையால தோய். ஆற்றையாம் துணி?"

"பாபாஜின்ர. நாளையிண்டைக்கு, வைசாகியண்டு, நான் அவருக்குத் தலைப்பா கட்டப்போறன்."

லெஸ்லி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டான். "நீயோ?"

"எல்லாரும் உந்தக் கேள்வியைத்தான் கேக்கிறியள்."

அன்று மாலை மல்வேர்னில், ஒன்பதாம் மாடி வீட்டில், மஞ்சள் துணியை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, கைத்தொலைபேசியில் காணொளியை வைத்துக்கொண்டு பழைய நூல்சேலை ஒன்றால் அம்மாவின் தலையில் பழகினாள். புனிதவதி கதிரையில் இருந்தபடி தொலைக்காட்சி நாடகம் பார்த்தாள்.

"என்னடி இது, தலைப்பாவோ சும்மாடோ? விட்டா மேல ஒரு குடத்தையும் வைப்பாய் போல."

"அம்மா, ஆடாதேங்கோ. பல்லால முனையைக் கடியுங்கோ."

"ஏன் கடிக்க?"

"அப்பிடித்தானாம். கட்டிற ஆள் ஒரு முனையைப் பல்லால பிடிச்சுக்கொள்ளோணும். அப்பத்தான் முதல் சுத்து இறுகும்."

புனிதவதி கடித்தாள். கடித்துக்கொண்டே, "வருசப்பிறப்பண்டைக்கும் உனக்கு வேலை" என்று முணுமுணுத்தாள். வைசாகி அன்றுதான் தமிழ் வருசப்பிறப்பும். "அந்தாளுக்கும் அண்டைக்குத்தானோ கொண்டாட்டம்?"

"ஓம். மூண்டு மாசமா வெளியிலயே வரேல்ல அம்மா. தலைப்பா இல்லையெண்டா இந்த முறையும் வரமாட்டார். பேந்து எப்பவுமே வரமாட்டாரெண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

புனிதவதி நாடகத்தின் சத்தத்தைக் குறைத்தாள். மகள் தன் வேலையைப் பற்றி வீட்டில் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

*

மறுநாள் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கும்போதே கஜனி அண்ணாந்து பார்த்தாள். ஒன்பதாம் மாடி பல்கனியில் மஞ்சள் துணி தெரிந்தது. ஏப்ரல் மாதத்துக் குளிர்காற்று கட்டடத்தையே பிடித்து உலுப்பியது. பக்கத்து வீட்டுப் போர்வை பறந்தது, கீழ்வீட்டுக் கொடி பறந்தது. மஞ்சள் துணி மட்டும் அசையவில்லை.

மேலே ஓடிப்போய்த் தொட்டாள். தகரம் மாதிரி இருந்தது.

"அம்மா! உதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? நீ வாளிக்கை ஊறப்போட்டிட்டுப் போட்டாய். தோய்ச்சு, கஞ்சி போட்டுக் காயப்போட்டனான்."

"கஞ்சியோ? ஆரம்மா கஞ்சி போடச் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமோ?" புனிதவதிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "வருசத்துக்குக் கட்டிற துணி. மனுசன் மூண்டு மாசத்துக்குப் பிறகு சபைக்குப் போறாரெண்டு நீதானே சொன்னாய். துவண்டுபோன துணியோட அனுப்பிறதோ? நல்ல தடிச்ச கஞ்சி. துணியால வடிச்சுத்தான் விட்டனான், ஒரு கட்டி இல்லைப் பார்."

"கொஞ்சமாவது போட்டிருக்கலாமே!"

"நூல்சேலைக்குப் போடுற அளவுதான் போட்டனான்."

நூல்சேலைக்குப் போடுகிற அளவுக்கும் கூடுதலாகவே போட்டிருந்தாள் என்பது துணியைத் தூக்கியபோது தெரிந்தது. மடித்தால் முறிகிற சத்தம் கேட்டது. திரும்ப அலசலாமென்றால், முதல் தோய்ச்சலிலேயே சாயம் விட்டு வாளித் தண்ணீர் மஞ்சளாகிவிட்டதாம். இன்னொரு தடவை நனைத்தால் வெளிறிப்போகும் என்று அம்மாவே சொன்னாள். தேநீர்க் கறை மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

கஜனி பல்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். அடுத்தவர் தலையில் ஏறுகிற துணி. அவர்கள் கும்பிடுகிற மாதிரி வைத்திருக்கிற துணி. அதைக் காப்பாற்றத் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டாள். யார் கேட்டது அவளை?

புனிதவதி பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. "கொண்டுபோய்க் காட்டு பிள்ளை," என்றாள். "அந்தாள் என்ன சொல்லுதெண்டு பார். எனக்கு ஏசினா ஏசட்டும்."

*

வருசப்பிறப்பன்று விடிகாலை ஐந்து மணிக்கே அம்மா அவளை எழுப்பி, கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளிக்க வார்த்தாள். மஞ்சளும் மூலிகையும் மணக்கும் ஈரத் தலையோடு, ஓவியக்காரி படத்தைச் சுருட்டிக்கொண்டு போவதைப் போல, சுருட்டிய துணியை நெஞ்சோடு அணைத்தபடி கஜனி பேருந்தில் நின்றாள். நிலத்தில் பட்டுவிடக் கூடாது என்று உட்காரவும் இல்லை.

ஒன்பது மணிக்குக் குர்பச்சன் சிங் குளித்து, வெள்ளைக் குர்த்தா போட்டு, முடி வாரிக் காத்திருந்தார். கஜனி துணியை அவர் மடியில் வைத்தாள்.

"பாபாஜி, ஒரு பிழை நடந்துவிட்டது. என் அம்மா இதற்குக் கஞ்சி போட்டுவிட்டார். நாங்கள் பருத்திச் சேலைக்கு அப்படித்தான் செய்வது. என்னை மன்னிக்க வேண்டும்."

ஹர்ப்ரீத் மொழிபெயர்ப்பதற்குள் கிழவர் இடது கையின் விரல் முட்டியால் துணியைத் தட்டினார். டக், டக் என்றது. மறுபடி தட்டினார். அவருடைய தோள் குலுங்கியது. கஜனி பயந்துபோனாள். பிறகுதான், வாயின் இடது பாதி மேலே ஏறுவதைக் கண்டாள். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாயா," என்றார். மூன்று மாதத்தில் அவள் கேட்டிராத சொல்.

ஹர்ப்ரீத்தின் கண் விரிந்தது. "கஞ்சிக்கு அவர்கள் சொல்கிற பெயர்! அந்தக் காலத்து விவசாயிகள் வைசாகிச் சந்தைக்குக் கஞ்சி போட்டுத்தான் கட்டுவார்களாம். என் பாட்டனாரின் பழைய படத்தில் பார்த்திருக்கிறேன். உச்சியில் சேவல் கொண்டை மாதிரி விசிறி நிற்கும்."

கிழவர் விரல்களால் எதையோ தெளித்துக் காட்டினார். தண்ணீர்.

சலவைப் பகுதியிலிருந்து லெஸ்லி தண்ணீர் தெளிக்கும் போத்தலோடு வந்தான். துணியை இருவர் இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து நீளவாக்கில் மடிக்க வேண்டும். ஆறு மீற்றருக்கு அறை காணாது. நடைகூடத்துக்குப் போனார்கள். தலை மூட வேண்டும் என்று ஹர்ப்ரீத் சொன்னதால் கஜனி தன் சால்வையைப் போர்த்தினாள். லெஸ்லிக்குக் கிடைத்தது சமையலறையின் வலைத் தொப்பி.

"மொட்டைக்கு எதுக்கடி வலை?"

"மரியாதைக்கு அண்ணை. போடுங்கோ. இழுங்கோ, இன்னும் இழுங்கோ. நிலத்தில முட்டாமல்!"

"இழுத்தா நீ இஞ்சால வந்து விழுவாய்."

"நான் விழமாட்டன். சேலை மடிச்ச கை."

தண்ணீர் பட்ட இடமெல்லாம் தகரம் துணியானது. வேடிக்கை பார்க்க வந்த முதியவர்களின் நடைவண்டிகள் நடைகூடத்தில் வரிசைகட்டி நின்றன. வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். "இருநூற்றுப் பதினான்குக்கு" என்றான் லெஸ்லி. அவள் உடனே தன் தலைமயிரைச் சரிசெய்துகொண்டாள்.

பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிக் கட்டத் தொடங்கினாள். முனையைக் கிழவரின் பற்களுக்கு நடுவே கொடுத்தாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றுக்கு இழுத்தபோது முனை நழுவியது. வலது பக்கத்து உதடு துணியைப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அவள் யோசித்திருக்கவே இல்லை. அம்மாவின் வாயும் பல்லும் நன்றாக இருந்தன. பழகியதெல்லாம் அந்த வாயை நம்பித்தான். சுற்றுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, முழுத் தலைப்பாகையும் சரிந்து அவருடைய ஒரு கண்ணை மூடியது.

இன்னொரு தடவை முயன்றாள். இன்னொரு தடவை நழுவியது. ஓரத்தில் எச்சில் வழிந்ததை அவசரமாகத் துடைத்தாள். கீழே மண்டபத்தில் மேளத்தை ஆரோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மணி பத்து முப்பத்தைந்து.

கிழவர் கண்ணை மூடினார். "நோ," என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் கஜனிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"விடு தங்கச்சி, நீ செய்யக்கூடியதைச் செய்தாய்" என்றான் லெஸ்லி மெல்ல.

கஜனி துணியைக் கையில் சேர்த்தாள். சேர்க்கும்போது மறுமுனை விரலில் குத்தியது. அந்தக் கடைசி ஒரு முழத்துக்குத் தண்ணீர் தெளிக்க லெஸ்லி மறந்திருந்தான். அது இன்னும் அம்மா காயப்போட்ட மாதிரியே, பனையோலை போல விறைத்து நின்றது.

பல் எதற்கு? முனையை அசையாமல் பிடிக்க. தானாகவே அசையாமல் நிற்கிற முனைக்குப் பல் எதற்கு?

"பாபாஜி, ஒரே ஒரு தடவை," என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. 'நோ' என்றும் சொல்லவில்லை. விறைத்த முனையை நீளமாக ஒரு மடிப்பு மடித்து, இடது காதுக்கு மேலே, உள்ளே கட்டியிருந்த சின்னத் துணிக்கும் நெற்றிக்கும் நடுவே செருகினாள். கையை எடுத்தாள். நின்றது. ஈரத் துணியை இழுத்து முதல் சுற்றைப் போட்டாள். நின்றது. ஒவ்வொரு சுற்றையும் முன்னதற்கு மேலே அரை விரல் ஏற்றி, கொய்யகத்தின் மடிப்பை விரலால் நீவுகிற மாதிரியே நீவிக்கொண்டு போனாள். ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறக்கினாள்.

கடைசியில் ஒரு முழத்துக்கு மேல் மிஞ்சியது. காணொளியில் அப்படி மிஞ்சவில்லை. உள்ளே செருகப் பார்த்தாள். கிழவரின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மேலே தள்ளியது. இன்னும் மேலே.

ஹர்ப்ரீத் பாட்டனாரின் படத்தைப் பற்றிச் சொன்னது அப்போது கஜனிக்கு ஞாபகம் வந்தது. விசிறி. அவளுக்கு அதை ஆரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மிஞ்சிய துணியை விரல்களுக்கிடையே ஏழு மடிப்பாகக் கொய்தாள். அடியைச் செருகி, மேலே விரித்துவிட்டாள். காயத் தொடங்கியிருந்த கஞ்சி அதைப் பிடித்துக்கொண்டது. உச்சியில் மஞ்சள் விசிறி நிமிர்ந்து நின்றது.

"யேசுவே," என்றான் வலைத் தொப்பி போட்ட லெஸ்லி. "மாப்பிள்ளைதான்."

கஜனி கண்ணாடியை எடுக்கப் போனாள். அதற்குள் குர்பச்சன் சிங் தன் இடது காலைத் தானே தூக்கிச் சக்கர நாற்காலியின் மிதியில் வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

*

மின்தூக்கியின் உருக்குக் கதவு மூடியபோதுதான் அவர் தன்னைக் கண்டார். கதவு கொஞ்சம் கோணலாகத்தான் காட்டியது. கீழே போய்ச் சேரும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும் இடது கை மீசையின் நுனியை முறுக்கியது.

மண்டபத்துக்குள் அவர் நுழைந்தபோது மணி பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. குருத்வாராவிலிருந்து வந்திருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் தட்டை வைத்துவிட்டு, நிமிர்ந்து, இரண்டு கையும் கூப்பினார்.

"சத் ஸ்ரீ அகால்!"

"சத் ஸ்ரீ அகால்," என்றார் குர்பச்சன் சிங். குழறல்தான். ஆனால் முழுதாகச் சொன்னார். அவரிடம் மிஞ்சியிருந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் அவை இல்லை என்றே கஜனி இதுவரை நினைத்திருந்தாள்.

மேளம் தொடங்கியது. இளம் பெண்கள் ஆடினார்கள். நடைவண்டிக் கிழவிகள் கைதட்டினார்கள். குர்பச்சன் சிங்கின் இடது கை மேலே போனது, இடது தோள் தாளத்துக்கு ஏறி இறங்கியது, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கஜனி சுவரோரம் நின்று அந்த மஞ்சள் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்புக் குலையவில்லை. ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம். குலையவே இல்லை.

சாப்பிடும்போது பெரியவர் நாற்காலியைச் சுற்றி ஒரு தடவை நடந்து தலைப்பாகையை நாலா பக்கமும் பார்த்தார். பஞ்சாபியில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்று கஜனி ஹர்ப்ரீத்தின் கையைக் கிள்ளினாள்.

"லுதியானாக் கட்டும் இல்லை, அமிர்தசரஸ் கட்டும் இல்லை, இவ்வளவு எடுப்பாக இருக்கிறதே, இது எந்த ஊர்க் கட்டு என்று கேட்கிறார்."

குர்பச்சன் சிங் வாயிலிருந்த இனிப்பை விழுங்கினார். அவசரப்படவில்லை. இடது கையை நீட்டி, சுவரோரம் நின்றவளைச் சுட்டினார்.

"மல்வேர்ன்," என்றார்.

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னவரின் முகத்தோடு அடுத்த இனிப்பை எடுத்தார்.

*

வேலை முடிந்து திரும்பிய பேருந்தில் கஜனி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான கேள்வியை எதிர்பார்த்தாள். அது வந்தது, ஆனால் இன்றைக்கு அது அவ்வளவு பெரிய கேள்வியாகப் படவில்லை. படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தால் போவாளா? போவாள்தான். அதற்கும் இன்றைக்குச் செய்ததற்கும் என்ன தொடர்பு என்று யோசித்தாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ரெக்சாஸிலிருந்த லொறிக்காரன் அனுமதி கொடுத்து, விழாவில் ஹர்ப்ரீத் எடுத்த படத்தைக் கஜனிக்கும் அனுப்பச் சொல்லியிருந்தான். வீட்டில் புனிதவதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். விசிறியை வெகுநேரம் பார்த்தாள்.

பின்னேரம் வருசப்பிறப்பு வாழ்த்துச் சொல்ல மார்க்கம் றஞ்சி அன்ரி தொலைபேசி எடுத்தாள். கஜனி குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் குரல் வரவேற்பறையிலிருந்து கேட்டது.

"ஓம் றஞ்சி, உங்களுக்கும். பிள்ளையோ? இண்டைக்கும் வேலைக்குப் போட்டுத்தான் வந்தவள்." அன்ரி வழக்கம்போலக் கேட்டிருக்க வேண்டும். "இல்லை, நர்ஸ் இல்லை. முந்தியும் நர்ஸ் இல்லை. வயசு போன ஆக்களை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டுவிடுற வேலை. ஓம், அதுதான். இண்டைக்கு ஒரு சீக்கியருக்குத் தலைப்பா கட்டிவிட்டவள். அவையின்ர பெரியவரே எழும்பி நிண்டு கும்பிட்டவராம்! படம் அனுப்புறன், பாருங்கோ. மேல விசிறி மாதிரி நிக்குதெல்லே?"

கஜனி கரண்டியோடு குசினி வாசலுக்கு வந்தாள்.

"எப்பிடி நிக்குதெண்டோ கேக்கிறியள்?" என்றாள் புனிதவதி. "கஞ்சி நானெல்லோ போட்டனான்."